முத்தண்ணைக்குப் போன எட்டுக் கன்றுகள்

நகுலேஸ்வரியக்கா திருடியபோது காவல் நின்றது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால், இந்தப் பொம்பளை இவ்வளவு நேரம் நல்லவள் வேஷம் போட்டாளே என்று நீங்கள் நினைப்பீர்கள்.

கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் பெயர் கனகவல்லி. என் வீட்டுக்காரர் பாஸ்கரனின் கம்ப்யூட்டர் வேலைக்காகத் திண்டுக்கல்லிலிருந்து வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஞானேஸ்வரன் அண்ணாவும் அக்காவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒரே மகள் துஷ்யா லெஸ்டரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், மாதம் ஒருமுறை வருவாள். அக்கா பேசுவதில் பாதி எனக்கு முதல் வருஷம் புரியவில்லை. நான் பேசுவது சினிமாவில் பேசுவதுபோல் இருக்கிறது என்று அக்கா சிரிப்பார். இப்போது இரண்டு பேருக்கும் பழகிப்போனது. ஏதாவது வேண்டுமென்றால் சுவரைத் தட்டுவார், நான் போவேன்.

இந்தத் தெருவில் தமிழர் தோட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வெந்தயக்கீரை, தக்காளி, குளிருக்கு வீட்டுக்குள் தூக்கி வைக்கிற கறிவேப்பிலைத் தொட்டி. அண்ணா தோட்டத்தில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. வடக்குப் பார்த்த தோட்டம், வெயில் எட்டிப் பார்க்காது. அங்கே முழுக்க ஹோஸ்டா. அவர்கள் வாயில் அது ஹொஸ்ரா. பூவுக்காக இல்லாமல் இலைக்காகவே வளர்க்கிற செடி. குளிர்காலத்தில் மண்ணுக்குமேல் ஒன்றுமே இருக்காது, செத்துப்போனது என்றுதான் நினைக்கத் தோன்றும். மார்ச்சில் ஊதா நிறத்தில் மூக்கு மூக்காக முளை வரும். மே மாதம் பார்த்தால் முறம் அகலத்துக்கு இலை. நீலச்சாம்பல் ஒன்று, பச்சையில் வெள்ளைக்கரை ஒன்று, எலுமிச்சை மஞ்சள் ஒன்று. மொத்தம் நாற்பத்தொரு தூறு. ஒவ்வொன்றின் அடியிலும் ஐஸ்கிரீம் குச்சியில் நம்பர் எழுதிச் செருகி வைத்திருப்பார்.

அண்ணாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்த இடம் ஹாலந்து. ஊரைவிட்டு வந்த புதிதில் அங்கேதான் அகதியாக இருந்தார். செடி உற்பத்தி செய்கிற பெரிய பண்ணையில் எட்டு வருஷம் வேலை. காலை ஆறு மணிக்கு மேசைமுன் நின்றால் சாயங்காலம்வரை ஹோஸ்டாக் கிழங்கைப் பிரிப்பதுதான் வேலை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளையும் கொஞ்சம் வேரும் இருக்கவேண்டும். பக்கத்து மேசையில் நின்றவர் செபமாலைமுத்து, பாஷையூர்க்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். இரண்டு பேரும் ஒரே வருஷம் லண்டன் வந்தார்கள். அண்ணா பார்சல் கிடங்கில் நைட் ஷிப்ட்டுக்குப் போனார், முத்தண்ணை ஹரோவில் கடை போட்டார். இரண்டு பேர் வீட்டுப் பின்புறத்திலும் ஹோஸ்டா. உன் இலை பெரிதா, என் இலை பெரிதா என்று போனில் மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். கட்டின மனைவியிடம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனிதர், முத்தண்ணை என்றால் சிரித்துச் சிரித்து இருமுவார்.

போன வருஷம் ஆகஸ்டில் அண்ணாவுக்குக் கணையத்தில் கேன்சர் என்றார்கள். கிறிஸ்துமஸ் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டரம்மா முகத்தைப் பார்த்துச் சொன்னார். அண்ணா அதற்கு, "அப்ப முளை வாறதைப் பாக்க ஏலாதோ?" என்று கேட்டார். துஷ்யா அதை எப்படி இங்கிலீஷில் சொல்வதென்று தெரியாமல் அழுதுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் கீமோ. காரில் கூட்டிப்போவது நான். மருந்து ஏறி முடிய நாலு மணி நேரம் ஆகும். செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய், அண்ணாவை உள்ளே படுக்கவைத்துவிட்டு நானும் அக்காவும் கார் பார்க்கில் உட்கார்ந்து, அக்கா கட்டிவந்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் சாப்பிட்டோம். சாப்பிட்டுக் கை கழுவக் காரைவிட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வல்லி, இஞ்சை பார். ஹொஸ்ரா."

டிக்கெட் மெஷினுக்குப் பின்னால் யாரும் கவனிக்காத மண்பாத்தி. சிகரெட் துண்டுகளுக்கு நடுவில் ஒரு தூறு. வெளிர்பச்சை இலை, அதில் நரம்போரமாகக் கரும்பச்சை பரவியிருந்தது. உள்ளதைச் சொன்னால், அவ்வளவு அழகு.

"இப்பிடி ஒண்டு இவரிட்டை இல்லை, பிள்ளை. நாப்பத்தொண்டிலை ஒண்டுகூட இப்பிடி இல்லை."

"ரிசப்ஷன்ல கேட்டுப் பார்க்கலாமாக்கா?"

"கேட்டு வைச்சா வராது. களவெடுத்து வைச்சாத்தான் கண்டு செழிக்கும். உங்கடை ஊரிலை அப்பிடிச் சொல்லுறேல்லையே?"

"எங்க ஊர்லயும் அதேதான். திருடி வச்ச செடிக்குத்தான் வேர் பிடிக்கும்பாங்க."

"அப்ப நீ அங்காலை நிண்டு ஆரும் வருகினமோ எண்டு பார்."

நான் நின்றேன். சிரிப்பை அடக்க முடியாமல் நின்றேன். அறுபது வயதுப் பெண்மணி, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் செருப்பைக்கூட நேராகக் கழற்றி வைக்கிறவர், புட்டு எடுத்த கரண்டியால் ஆஸ்பத்திரி மண்ணைத் தோண்டினார். ஒரு துண்டு வந்தது. டிபன் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு ஓடிவந்தார். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். இலை விரிகிற நேரத்தில் அண்ணா உயிரோடு இருந்தால் முன்னால் கொண்டுபோய் வைத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பது திட்டம். அதுவரை சந்தில், குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒரு சட்டியில் இருக்கட்டும் என்றார். வீட்டுக்குப் போனதும் அண்ணாவின் கத்தியை எடுத்து அதை இரண்டாக வெட்டி, ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

மறுநாள் அண்ணாவின் தோட்டத்தில் பிரிக்கிற வேலை. ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை தூறு நெரிசலாகும்போது கிளப்பிப் பிரித்து வைக்கவேண்டும். அண்ணாவால் குனிய முடியவில்லை. கம்பளித் தொப்பி, மடியில் போர்வை, கண்ணாடிக் கதவோரம் நாற்காலி. அங்கிருந்தே உத்தரவு போட்டார், அக்கா மண்வெட்டியோடு நின்றார்.

"நகுலா, ஒவ்வொரு தூறு வெட்டினாப் பிறகும் கத்தியை ப்ளீச் வாளிக்குள்ளை வைச்சு எடும். மறக்கக்கூடாது. ஒண்டின்ர சாறு மற்றதிலை படக்கூடாது."

அக்கா வாளியில் ப்ளீச் ஊற்றிக் கொண்டுவந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் அண்ணா குடம் குடமாக வாந்தியெடுத்தார். கீமோவுக்குப் பிறகு எந்த நெடியும் அவருக்கு ஆகவில்லை. அக்கா வாளியைக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு, குழாயில் வேறு தண்ணீர் பிடித்து வந்தார்.

"மருந்து விட்டனீரோ?" என்று அண்ணா கேட்டார்.

"ஓம். மணக்காமல் கொஞ்சமா விட்டனான்."

வெறும் தண்ணீர். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெரியும். மனுஷன் குடலே வெளியே வருகிறமாதிரிக் கக்கியதைப் பார்த்த யாரும் அதைத்தான் செய்வார்கள். கத்தியை ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணீரில் முக்கி எடுத்தார். அண்ணா பார்த்துக்கொண்டிருந்து தலையாட்டினார். பன்னிரண்டு தூறு பிரித்தார். பிறகு அதே கத்தியால் நாற்பத்தொன்றிலும் காய்ந்த பூத்தண்டை அரிந்துவிட்டார்.

பிரித்ததில் நல்லதாக எட்டை அண்ணா தனியே எடுத்து வைக்கச் சொன்னார்.

"இது முத்துவுக்கு. நான் போனாப் பிறகு உம்மாலை இதுகளோடை மாரடிக்க ஏலாது. நத்தை திண்டிடும். முத்துவிட்டை எட்டு நிண்டாப் போதும். எனக்கு வேறை கவலை இல்லை."

துஷ்யாவைப் பற்றியோ, அக்காவைப் பற்றியோ கவலை இல்லையாம். எனக்கு அப்போது சுருக்கென்று கோபம் வந்தது. அக்கா எட்டையும் ஈரத்துணியில் சுற்றினார். ஞாயிறு பூசை முடிந்து வந்த முத்தண்ணை, குழந்தையை வாங்குகிறமாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

கிறிஸ்துமஸ் போனது. அண்ணா போகவில்லை. டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். கீமோவை நிறுத்திவிட்டு வலிக்கு மருந்து மட்டும் கொடுத்தார்கள். பின் அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டு, கண்ணாடிக் கதவு வழியாகத் தோட்டம் தெரிகிறமாதிரி வைத்தோம். ஜனவரி முழுக்க அந்த வெறும் கறுப்பு மண்ணைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். இடியப்பமும் சொதியும் ஒரு வாய், அதுவும் அக்கா பிசைந்து கொடுத்தால்தான். மார்ச் எட்டாம் தேதி காலை சுவர் தட்டப்பட்டது. ஓடிப்போனால் அக்கா அழுகிறார், அண்ணா சிரிக்கிறார்.

"பதினேழாம் நம்பர் மூக்கு வைச்சிட்டுது, பிள்ளை," என்றார் அண்ணா.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஓய்வில்லை. நத்தைக்கு அண்ணாவின் மருந்து உள்ளித் தண்ணி. பூண்டை அங்கே உள்ளி என்பார்கள். பத்துப் பூடு நசுக்கிக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, மழைவிட்ட நேரம் பார்த்துத் தெளிக்கவேண்டும். மழை எங்கே விட்டது இந்த ஊரில்? தெளிப்பதும் கழுவிக்கொண்டு போவதுமாக ஏப்ரல் முழுக்க எங்கள் வீடுவரை பூண்டு நாற்றம். பாஸ்கரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ரசம் வைக்கிறாங்களா, தோட்டத்துக்கே வைக்கிறாங்களா?" என்பார். நாற்பத்தொன்றும் முளைத்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

மே முதல் வாரம் சுவர் மறுபடி தட்டப்பட்டது. இந்தமுறை தட்டின விதமே சரியில்லை.

அண்ணா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஓர் இலை. யாரையும் இலையைத் தொடக்கூட விடாத மனிதர், மேலே இருக்கிற நீலமாவு அழிந்துவிடும் என்பார். அவரே பிடுங்கிவரச் சொல்லியிருக்கிறார்.

"பிள்ளை, உங்கடை கண் நல்ல கண். இதிலை என்ன தெரியுது எண்டு சொல்லுங்கோ."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "நரம்ப ஒட்டி மை கசிஞ்ச மாதிரி இருக்கு அண்ணா. அங்கங்க திட்டுத்திட்டா..."

சொல்லும்போதே நினைவு வந்தது. இதே மாதிரி இலையை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். அக்காவைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம். வைரஸ்," என்றார் அண்ணா. "ஹொலண்டிலை ஒரு செடியிலை இதைக் கண்டா அந்த வரிசையையே கிண்டி எரிப்பாங்கள். மருந்தில்லை. காத்திலை வராது, மழையிலை வராது. கத்தியிலை வாற சாறிலைதான் வரும். நகுலா, அண்டைக்கு வாளிக்குள்ளை மருந்து விட்டனீர்தானே?"

அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை. வெறும் தண்ணி. நீங்கள் சத்தி எடுத்தனீங்கள், என்னாலை பாக்க ஏலாமல் கிடந்துது..."

"சரி. தண்ணி எண்டாலும் இஞ்சை கண்டுகளுக்கு நோய், வருத்தம் ஒண்டும் இருக்கேல்லையே. இது வெளியிலை இருந்தெல்லே வந்திருக்கவேணும். அதுக்கு முதல் அந்தக் கத்தியாலை என்னத்தை வெட்டினீர்?"

அக்கா சொன்னார். ஆஸ்பத்திரி, டிக்கெட் மெஷின், புட்டுக் கரண்டி, எல்லாம். "அண்ணா, நான்தான் பக்கத்துல காவல் நின்னேன்" என்று நானும் சொன்னேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"களவெடுத்தது வளரும் எண்டு ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுறதுதானே. உங்களிட்டை இல்லாத ஒண்டு... நீங்கள் கண்டா சந்தோசப்படுவியள் எண்டு..."

"ஓம். வளந்துதான் இருக்கு," என்றார். பிறகு, "முத்துவிட்டைப் போனதும் அதே கத்தியாலை வெட்டினதுதானே?" என்று கேட்டார்.

"ஓம்."

அண்ணா இலையைப் போர்வைமேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு நாள் பேசவில்லை. அக்கா கொடுத்த கஞ்சியைக் குடித்தார், மாத்திரையை விழுங்கினார், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் அன்றைக்கே என் பங்குத் துண்டையும் சந்தில் இருந்த அக்காவின் துண்டையும் சட்டியோடு கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். அக்கா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"முப்பத்தினாலு வருசம், வல்லி. அந்தக் கண்டுகளிலை இருக்கிற ஆசையிலை காவாசிகூட என்னிலை இருந்ததில்லை. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா முதல் அங்கைதான் போவார். பிறகுதான் தேத்தண்ணி. நான் என்னத்தைக் குடுத்தாலும் 'ம்' எண்டு வாங்கி வைப்பார். ஒருக்கா, ஒரேயொருக்கா, நான் குடுத்ததைப் பாத்து ஆவெண்டு நிக்கவேணும் எண்டு ஆசைப்பட்டனான். கடைசியிலை என்ன செய்துவிட்டன் பார்."

"விடுங்கக்கா, செடிதானே" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் இருந்தது நான் செய்த ஒரே நல்ல காரியம்.

ஐந்தாம் நாள் காலை அண்ணா வாயைத் திறந்தார். "எல்லாத்தையும் கிளப்பும். நாப்பத்தொண்டையும்."

"நல்லதா நிக்கிறதையும் ஏன்? இருபது தூறிலை ஒண்டும் தெரியேல்லையே."

"இந்த வருசம் தெரியாது. அடுத்த வருசம் தெரியும். கிளப்பும்."

தூறல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா கிளப்பினார், நான் பையைப் பிடித்தேன். இருபது வருஷத் தூறு சும்மா வராது. சுற்றிலும் மண்வெட்டியை இறக்கி, காலால் மிதித்து, நெம்பி, இழுத்தால் ஆட்டுக்கல் கனத்துக்கு வேரோடு வரும். வேரில் ஒரு துண்டுகூட மண்ணில் நிற்கக்கூடாது. விரிந்த இலையெல்லாம் பைக்குள் மடங்கி ஒடிகிற சத்தம் கேட்டது. அண்ணா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். பச்சைத் தொட்டியில் போட்டால் உரமாகி ஊரெல்லாம் போகுமாம், அதனால் கவுன்சில் குப்பைக் கிடங்குக்கே என் காரில் மூன்று நடை கொண்டுபோய் எரிக்கிற குப்பையோடு தள்ளினோம். சாயங்காலம் திரும்பிவந்தபோது தோட்டத்தில் குழிகளும் தண்ணீரும்தான் இருந்தன.

"முத்தண்ணைக்கு நான் எடுத்துச் சொல்லுறன்," என்றார் அக்கா. கைகூடக் கழுவவில்லை, போனை எடுத்துவிட்டார்.

"இஞ்சை தாரும்."

"நான் செய்த பிழை. நான்தான் சொல்லவேணும்."

"தாரும் எண்டுறன்."

போனைக் காதில் பிடிக்கத் தெம்பில்லை. ஸ்பீக்கரில் போட்டுப் போர்வைமேல் வைத்தார்.

"முத்து, நான் ஞானம்."

"சொல்லு மச்சான்! சாப்பிட்டியோ? நான் ஞாயித்துக்கிழமை பூசை முடிய அங்காலை வாறன்."

"உன்ர ஹொஸ்ரா எப்பிடி?"

"அதைத்தான் உன்னட்டைக் கேப்பம் எண்டிருந்தனான். அஞ்சாறிலை இலை ஒரு மாதிரிக் கிடக்கு. பனி அடிச்சிட்டுதாக்கும்."

"பனி இல்லை. வைரஸ். என்னட்டை இருந்து வந்தது. எல்லாத்தையும் கிளப்பு."

"எல்லாத்தையும் எண்டா? உன்ர எட்டைத்தானே?"

"மாசியிலை உன்ரையள் முழுக்கப் பிரிச்சனியெல்லே. என்ர எட்டையும் சேத்து வெட்டினனான் எண்டு சொன்னனி. கத்தி கழுவினனியோ?"

போன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"இல்லை," என்றார் முத்தண்ணை. குரல் வேறாக இருந்தது. "உன்ர கண்டை முதல் வெட்டினனான். உன்ர தோட்டத்துக் கண்டுக்கு ஆரடா கத்தி கழுவுவான்?"

"நானும் கழுவேல்லை, முத்து. ஏலாமல் கிடந்தனான். பஞ்சியிலை விட்டிட்டன்."

பஞ்சி என்றால் அவர்கள் பேச்சில் சோம்பல். அக்கா வாயைத் திறந்தார். அண்ணா எலும்பும் தோலுமான கையைத் தூக்கி, பேசாதே என்று காட்டினார்.

"ஐம்பத்தெட்டுத் தூறடா!" முத்தண்ணை கத்தினார். "இருபத்திரண்டு வருசம்! கடையை வித்த பிறகு எனக்கு என்னடா இருக்கு இது இல்லாமல்? பஞ்சியோ? உனக்கோ பஞ்சி? ஹொலண்டிலை காய்ச்சலோடை நிண்டு கத்தி கழுவினவன் நீ. நீ வேணுமெண்டு செய்தனி. நீ சாகப்போறாய், உன்ரை போனாப் பிறகு என்ரை மட்டும் நிக்கக்கூடாது, அதுதானே? எரிச்சல் பிடிச்சவனே, அண்டு துடக்கம் உனக்கு என்னிலை எரிச்சல்தான்!"

"ஓம்," என்றார் அண்ணா.

"என்னடா ஓம்?"

"நீ சொல்லுறது சரி. வேர் மிஞ்சாமல் கிளப்பு. அந்த மண்ணிலை மூண்டு வருசத்துக்கு ஹொஸ்ரா வைக்காதை."

முத்தண்ணை போனை வைத்துவிட்டார்.

அக்கா கட்டிலருகே முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். "என்ன கதை கதைச்சனீங்கள்? ஏன் இப்பிடிப் பழியை எடுத்து உங்கடை தலையிலை போட்டனீங்கள்? உங்களுக்கு இருக்கிறதே அந்த ஒரு சினேகிதன்தானே!"

"நான் இன்னும் எத்தினை நாளுக்கு?" அண்ணாவுக்கு மூச்சு வாங்கியது. "நீர் இஞ்சை இருக்கப்போறனீர். கலியாணவீடு, செத்தவீடு, கடைத்தெரு எண்டு எங்கை போனாலும் அவன்ர ஆக்களைத்தான் காணவேணும். என்னை ஏசினது என்னோடை போகும். உம்மை ஏசினா உமக்கு அது காலத்துக்கும் நிக்கும். ஒருத்தருக்கும் சொல்லாதையும். பிள்ளை, நீங்களும்தான்."

நான் தலையாட்டினேன். அந்த மனிதரைப் பற்றி இத்தனை வருஷம் நான் நினைத்ததெல்லாம் தப்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அக்கா அவர் காலில் முகத்தை வைத்துக்கொண்டார். அண்ணா கையை எடுத்து அக்கா தலைமேல் வைத்தார். அவர்கள் இரண்டு பேரும் தொட்டுக்கொண்டு இருந்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அண்ணா பதினொரு நாள் இருந்தார். வாசல் மணி அடித்தால் தலையைத் தூக்குவார். நர்ஸ் வருவாள், பார்சல்காரன் வருவான், நான் வருவேன். தலையைத் திரும்பப் போட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி ஆனதும், "பூசை முடிஞ்சிருக்கும் என்ன?" என்று அக்காவிடம் கேட்டார். ஒரு மணிக்குக் கேட்டார். இரண்டு மணிக்கும் கேட்டார். மூன்று மணிக்கு, "கதவை ஒருக்காப் பாரும், மணி பழுதாக்கும்" என்றார். அக்கா போய் மணியை அமுக்கிக் காட்டினார். நல்லாத்தான் அடித்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, துஷ்யா கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்றது.

அடுத்த புதன்கிழமை தகனம் என்று ஏற்பாடானது. செவ்வாய் மத்தியானம் அக்கா என்னைக் கூப்பிட்டார். "என்னை ஒருக்கா ஹரோவுக்குக் கொண்டுபோய் விடு, வல்லி."

"அண்ணா சொல்லக்கூடாதுன்னாரேக்கா."

"சொன்னவர்தான். நான் கேக்கப்போறேல்லை. அந்தாள் நாளைக்கு வராமல் இவரை எரிக்கக்கூடாது."

முத்தண்ணை கதவைத் திறந்தார். சவரம் செய்யாத முகம். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை, வழியை மட்டும் விட்டார். சமையலறை ஜன்னல் வழியே பின்பக்கம் தெரிந்தது. அங்கேயும் குழி, அங்கேயும் தண்ணீர். அக்கா உட்காரவில்லை.

"முத்தண்ணை, அவர் சொன்னது பொய். கண்டைக் களவெடுத்தது நான். கத்தி கழுவாதது நான். அவருக்கு ஒண்டும் தெரியாது. கழுவினனான் எண்டு அவரிட்டையும் பொய் சொன்னனான். நீங்கள் ஏசுறதெண்டா என்னை ஏசுங்கோ. நாளைக்கு வாங்கோ."

முத்தண்ணை மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார்.

"தெரியும், தங்கச்சி."

"என்ன தெரியும்?"

"அவன் கழுவாமல் விட்டிருக்கமாட்டான் எண்டு தெரியும். அவன் அப்பிடிச் சொன்ன உடனையே தெரியும். உம்மைத்தான் மறைக்கிறான் எண்டும் விளங்கினது."

"அப்ப ஏன் அப்பிடிக் கதைச்சனீங்கள்?"

"ஆரையாவது ஏசவேணும் போலை கிடந்துது. அவன்தானே போன் எடுத்தவன்." முத்தண்ணை ஜன்னல் பக்கம் திரும்பினார். "அவன் திருப்பி ஏசுவான் எண்டு பாத்தனான். எப்பவும் ஏசுறவன்தானே. 'ஓம்' எண்டு சொல்லுவான் எண்டு நான் நினைக்கேல்லை. பிறகு எந்த முகத்தோடை வாறது? நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம் எண்டு இருந்திட்டன்."

எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அந்தக் கிழவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை, கத்தவில்லை.

"அவர் பதினொரு நாள் வாசலைப் பாத்துக்கொண்டு கிடந்தவர், முத்தண்ணை. நாளைக்குப் பத்தரைக்கு. வந்து இதை அவருக்குச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லவேண்டாம்."

புதன்கிழமை வந்தார். மண்டபம் நிறைய ஆட்கள், பெட்டி திறந்திருந்தது. தேவாரம் முடிந்து ஒவ்வொருவராகச் சுற்றிவந்து பூப் போட்டார்கள். முத்தண்ணை கடைசியாக வந்தார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அண்ணாவின் காதோரம் வாயை வைத்து என்னவோ சொல்லத் தொடங்கினார். சொன்னார், சொன்னார், நிறுத்தவே இல்லை. பெட்டியை மூட நின்ற வெள்ளைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். துஷ்யா என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, வாட்ஸ் ஹி சேயிங்?" என்றாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முதல் வரிசையில் நின்ற எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்கவேண்டியவருக்கும் கேட்டிருக்காது.